தறிக்குழியில் இறங்கிய தண்ணீர்

ஆரணி
12 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தில் தொடங்கி இங்கே நடப்பதை எல்லாம் உள்ளது உள்ளபடி உனக்கு எழுதப் போகிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், எனக்கு வெட்கமாக இருக்கும் இடங்களையும் தாண்டிப் போகமாட்டேன். முகாமில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள், இனிமேல் கடிதம் மட்டும்தான் என்று நீ சொல்லி அனுப்பியபோது அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு மட்டும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இதுவரை என் பெயருக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

நீ எம்.எஸ்சி. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நீர்வட்டம் அமைப்பின் முகாமுக்குப் போய் இன்றோடு முப்பத்தேழு நாள். அப்பா உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் உன் நாற்காலியின் மேல் சட்டையைப் போடாமல் கதவின் பின்னால் மாட்டுகிறார். வகுப்பில் ஃப்ளோரன்ஸ் கேட்டாள், "உங்கக்கா சாமியாரா பூட்டாங்களாடி?" இல்லை, நாகநதி ஆற்றைக் காப்பாற்றப் போயிருக்கிறாள் என்றேன். "ஆறு இங்க கீது, அவங்க ஏன் மலைக்குப் போனாங்க?" என்றாள். அவளுக்கு எதையும் இரண்டு முறை யோசித்துப் பேசும் வழக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும்.

பள்ளி விட்டதும் தினமும் கால்வாய்ப் பக்கமாகவே வருகிறேன். ஜெயவேல் அண்ணன் சாயப்பட்டறையின் பின்சுவரில் இருந்து அந்தக் குழாய் வாய் நீட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா, அதற்கு எதிரே ஒரு கல் இருக்கிறது. அதில் உட்கார்ந்து பார்ப்பேன். திங்கட்கிழமை தண்ணீர் கிளிப்பச்சையாக வந்தது. செவ்வாய் அரக்கு. புதன்கிழமை மாம்பழ நிறம், அதன் மேல் வெயில் விழுந்து, யாரோ ஒரு சேலையை முடிவே இல்லாமல் விரித்துக்கொண்டே போவதுபோல இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது: அது அழகாக இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அழகைப் பார்த்தேன்.

ஜெயவேல் அண்ணன் பட்டு நூல் கழிகளை மூங்கிலில் உலர்த்திக்கொண்டே என்னைப் பார்த்துவிட்டார். "படிக்கிற பொண்ணுக்கு இங்க இன்னா வேல?"

"கலரைப் பாத்துகினு இருக்கேங்க."

"நல்லா பாத்துக்கோ. உங்கக்கா மாதிரி பாட்டில்ல புடிச்சிகினு மட்டும் போவாத."

ஒரு முக்கியமான செய்தி. கவுன்சிலர் வனிதா நேற்று வீட்டுக்கு வந்தார். சாயத் தண்ணீர் விஷயம் நவம்பர் ஒன்றாம் தேதி வார்டு சபையில் வருகிறதாம். "உங்க பொண்ணு ரெண்டு வருசமா தண்ணி டெஸ்ட் பண்ணி எழுதின நோட்டு இருக்குதாமே, அத எடுத்துகினு வந்து அதுவே பேசட்டும். நாங்க பேசுனா அரசியல்னு சொல்லுவாங்க" என்றார். நீ வருவாய்தானே? நீ வந்து பேசுவதாக நான் மூன்று முறை கற்பனை செய்து பார்த்துவிட்டேன். மூன்றிலும் எல்லோரும் கை தட்டினார்கள்.

உன் தங்கை,
மஹிமா


திருமலை அடிவாரம்
20 செப்டம்பர்

மஹி,

இந்தத் தாளின் மறுபக்கத்தில் யாருடைய பழைய தேர்வு விடையோ இருக்கும். நாங்கள் புதுத் தாள் வாங்குவதில்லை. மறுபக்கத்தைப் படிக்காதே, விடை தப்பு.

போளூர்ப் பக்கம், சமணர் கோயில் இருக்கும் இந்த மலைக்குக் கீழே ஒரு மாந்தோப்புக்குள் இருக்கிறோம். இருபத்திரண்டு பேர். விடியும்போது மலை முழுவதும் பனியில் மறைந்துபோய், சிறிது நேரம் கழித்துப் பாறை பாறையாகத் திரும்பி வரும். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது என்பது எங்கள் விதி. நல்ல விதி. ஊரில் இருந்தபோது என் தலைக்குள் எவ்வளவு இரைச்சல் இருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. என்ன உடுத்துவது, என்ன சாப்பிடுவது, யாரோடு போவது, எதையும் நாங்கள் தனித்தனியாக முடிவு செய்வதில்லை. மாலையில் வட்டமாக உட்காருவோம். முகாமை நடத்தும் பரசுராமன் அண்ணன் கேட்பார், நாங்கள் சொல்லுவோம், பிறகு அவர் சொல்லுவார்.

அவரைப் பற்றி அப்பா நினைப்பது சரியில்லை. குரலை உயர்த்தியே பேசமாட்டார். எங்கள் எல்லோருக்கும் அவரே கஞ்சி காய்ச்சுவார். ஒரு குளம் வற்றியதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வார்டு சபை பற்றி எழுதியிருந்தாய். நாங்கள் பேசினோம். ஆறு செத்துக்கொண்டிருக்கும்போது கைகளை எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்று பரசுராமன் அண்ணன் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இரண்டு வருடம் நான் மனு கொடுத்தேன், எண்களைக் காட்டினேன். யார் கேட்டார்கள்? சாயம் விடுகிறவரும் கை தூக்குவார், அவரிடம் நூல் வாங்குகிறவரும் கை தூக்குவார். நாகநதி எந்தக் கையைத் தூக்கும்?

என் நோட்டு பத்திரமாக இருக்கிறது. அண்ணனிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

நீ எழுதியது எங்களுக்கு மிகவும் பிடித்தது. இன்னும் விவரமாக எழுது. பட்டறையில் எந்த நேரத்தில் தண்ணீரைத் திறக்கிறார்கள்? என்று விடுமுறை? குழாய் எவ்வளவு பெரியது? நீ நன்றாகப் படம் வரைவாயே.

அம்மா அழவேண்டாம் என்று சொல்.

சக்ரேஸ்வரி


ஆரணி
26 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

என் பெயருக்கு வந்த முதல் கடிதத்தைப் பதினோரு முறை படித்தேன். ஒன்று கேட்கவா? நீ ஏன் 'நாங்கள்' என்றே எழுதுகிறாய்? பனியை நீ ஒருத்திதானே பார்த்தாய்?

கேட்டதற்கெல்லாம் பதில். பட்டறையில் காலை ஆறு மணிக்குச் சாயத் தொட்டிகளைத் திறக்கிறார்கள். ஞாயிறு விடுமுறை, அன்று மாலை அங்கே ஒருவரும் இருப்பதில்லை, நாய்கூட இல்லை. குழாயின் வாய் என் கையால் இரண்டு சாண். ஒரு சாக்குத் துணி அதில் சிக்கித் தொங்குகிறது. படம் தனித்தாளில். என் கல்லையும் வரைந்திருக்கிறேன், அதைக் கண்டுகொள்ளாதே.

நேற்று ஃப்ளோரன்ஸ் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா அருள்ராஜ் மாமா தறியில் இருந்தார். முகூர்த்தப் புடவை, சந்தன நிறம், பாதிக்கு மேல் வந்துவிட்டது. அவர் கால்கள் குழிக்குள் மிதிகட்டையை மாற்றி மாற்றி அழுத்துவது வெளியே தெரியாது. இடுப்புக்கு மேலே மட்டும் பார்த்தால், ஒரு மனிதர் தரையில் இருந்து முளைத்து நெய்துகொண்டிருப்பதுபோல இருக்கும். நான் பார்ப்பதைப் பார்த்து, "எறங்கிப் பாக்கறியா? கால் வெச்சா ஜில்லுனு இருக்கும், வெயிலுக்கு அதான் எங்க ஏசி" என்றார். சூசைமேரி அத்தை, "அந்தப் பொண்ணாவது நல்லா படிச்சு ஃபேன் கீழ உக்காரட்டும், உடுங்க" என்றார்.

அவர்களிடம் வார்டு சபைக்கு வருவீர்களா என்று கேட்டேன். "வருவேன்" என்றார் மாமா. "எனக்கும் அந்த நாத்தம் பேஜார்தான். ஆனா ஜெயவேல் மூடிட்டாருனா கலர் நூலுக்கு நான் காஞ்சிபுரம் ஓடணும். ரெண்டும் இருக்குது இல்ல? அத பேசணும்."

அன்றிரவு ஒரு கனவு வந்தது. நம் பள்ளிக்கூடத்துப் பெரிய அறைக்குள் தண்ணீர் நிறைந்திருக்கிறது, ஆனால் யாரும் மூழ்கவில்லை. கெண்டை மீன்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. கவுன்சிலர் அவற்றைப் பார்த்து 'ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள்' என்கிறார். மீன்களுக்குக் கை இல்லை. அப்போது அருள்ராஜ் மாமா எழுந்து, "அதுங்க சார்பா நான் ஒண்ணு தூக்கறேன்" என்கிறார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நாகநதி எந்தக் கையைத் தூக்கும் என்று நீ கேட்டிருந்தாய்.

அம்மா இன்னும் அழுகிறாள். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் அழுகிறாள். தூக்கத்தில் உன் சின்ன வயதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

மஹிமா


திருமலை அடிவாரம்
2 அக்டோபர்

மஹி,

படம் கிடைத்தது. எல்லோரும் பாராட்டினார்கள். இந்த வாரக் கடைசியில் கால்வாய்ப் பக்கம் போகாதே. காரணம் கேட்காதே. வீட்டில் உட்கார்ந்து படி.

அம்மா என்னைக் கூப்பிட்ட அந்தப் பெயரை இனிமேல் கடிதத்தில் குறிப்பிடவேண்டாம்.

சக்ரேஸ்வரி


ஆரணி
7 அக்டோபர்

அக்கா,

உள்ளது உள்ளபடி எழுதுவதாகச் சொன்னேன். எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இருந்தே மழை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஜெயவேல் அண்ணன் வழக்கம்போலத் தொட்டிகளைத் திறந்திருக்கிறார். தண்ணீர் போகவில்லை. பின்பக்கக் குழாயின் வாயில் சிமென்ட் வைத்து அடைத்திருந்தது. அதன் மேல் ஒரு தகரப் பலகை: 'ஆற்றின் ஆணைப்படி மூடப்பட்டது.'

அக்கா, அந்தக் குழாய் பட்டறையுடையது மட்டும் இல்லை. அது எனக்கும் தெரியாது. எழுபது எண்பது வருடத்துக்கு முன்னாலேயே நெசவாளர் தெருவின் மழைத்தண்ணீர்ச் சாக்கடையை அதோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள், தரைக்கு அடியில். மேலே நின்று பார்த்தால் தெரியாது. நான் எதிரே உள்ள கல்லில் உட்கார்ந்து கண்ணுக்குத் தெரிந்ததை வரைந்தேன். தெருவில் எந்த வீட்டைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். சூசைமேரி அத்தைக்குத் தெரியும், பரசுராமன் அண்ணன் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

மழைத்தண்ணீரும் சாயத்தண்ணீரும் சேர்ந்து தெருவுக்குள் ஏறி, வாசற்படி தாண்டி, வீட்டுக்குள் எது தாழ்வான இடமோ அங்கே போய் இறங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் தாழ்வான இடம் தறிக்குழிதான். ஏழு வீடு.

அருள்ராஜ் மாமா விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தினமும் உட்காருவதுபோலத் தறியில் உட்கார்ந்து கால்களைக் கீழே விட்டிருக்கிறார். முழங்கால்வரை தண்ணீர். வெளியே எடுத்துப் பார்த்தால் கால் இரண்டும் ரோஜா நிறம். கத்தவில்லையாம். "இன்னாது இது, இன்னாது இது" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதற்குள் குழி நிரம்பி மேலே வந்துவிட்டது. சுற்றி வைத்திருந்த சந்தனப் புடவை அடியில் இருந்து குடித்தது, அப்படித்தான் ஃப்ளோரன்ஸ் சொன்னாள். பட்டு தண்ணீரைக் குடித்துக்கொண்டே மேலே ஏறியதாம். இன்னும் நெய்யாத பாவு நூலிலும் ஏறிவிட்டது. இருபத்தாறு நாள் வேலை.

நான் போனபோது தெரு முழுவதும் நிறங்களாக இருந்தது. குழந்தைகள் கப்பல் விட்டார்கள். எல்லா வீட்டு வாசலிலும் பெண்கள் குடத்தால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள், ஊற்றியது மறுபடி உள்ளே வந்தது. கனவுக்குள் நடப்பதுபோல இருந்தது, கால்மட்டும் நனைந்தது.

ஃப்ளோரன்ஸ் என் பையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கக்கா ஆளுங்களா?" என்றாள்.

தெரியாது என்றேன். அக்கா, அது பொய்யா? நான் உன்னைக் கேட்காமல் சொன்ன பதில் அது. இப்போது கேட்கிறேன். நீயா?

கடைசியில் அந்த அடைப்பை உளியால் உடைத்தவர் ஜெயவேல் அண்ணன். கால்வாய்க்குள் ஒரே நேரத்தில் எல்லாம் கொட்டியது. ஒரு வாரம் போகவேண்டிய சாயம் ஒரு மணி நேரத்தில் ஆற்றுக்குப் போனது. இதையும் உங்கள் வட்டத்தில் யாராவது கணக்கில் வைத்தீர்களா?

மஹிமா


திருமலை
14 அக்டோபர்

என் மஹி,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. மலைக்கோயிலுக்கு ஆரணியில் இருந்து வந்த ஒரு குடும்பத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் மாலை வட்டத்தில் உரக்கப் படிப்பார்கள். யாருக்கும் தனி ரகசியம் இருக்கக்கூடாது என்பது விதி. அம்மா தூக்கத்தில் கூப்பிட்ட பெயரை இருபத்திரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான்தான். சிமென்ட் குழைத்தவர்கள் மூன்று பேர், நான் அதில் இல்லை. ஆனால் உன் படத்தை அவர்களுக்கு விளக்கியது நான். ஞாயிறு விடுமுறை, நாய் இல்லை, இரண்டு சாண் என்று படித்துச் சொன்னது நான். எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய்.

உன் ஏழாம் தேதிக் கடிதத்தையும் வட்டத்தில் படித்தார்கள். 'கால் ரோஜா நிறம்' என்ற இடத்தில் படிப்பவர் நிறுத்தினார். பிறகு நான் கேட்டேன், தெருவில் ஒருவரையாவது கேட்டிருக்கலாமே என்று. பரசுராமன் அண்ணன் அன்பாகத்தான் சொன்னார்: "நோயாளிய கேட்டுகினா டாக்டர் கத்தி எடுக்கறாரு?" எல்லோரும் தலையாட்டினார்கள். என் தலையும் ஆடியது. அது ஆடுவதை நானே தள்ளி நின்று பார்த்தேன்.

இன்னும் ஒன்று. என் கையெழுத்து அழகு என்று எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். எல்லாம் எங்கள் கைக்கு வந்த பிறகு ஊர் எப்படி நடக்கவேண்டும் என்ற விதிகளை ஒரு நோட்டில் எடுத்து எழுதினேன். யார் எந்த ஊரைவிட்டுப் போகலாம், வீட்டுக்கு எத்தனை குழந்தை, எந்த நிறத்தில் துணி, எந்தப் பத்திரிகை. பட்டு யாருக்கும் கிடையாது. பத்து வருடத்துக்குத் தேர்தல் கிடையாது. இருநூற்றுப் பதினான்கு விதிகள். சத்தியமாக எழுதுகிறேன், எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. உலகம் புள்ளி தவறாத ஒரு கோலம் மாதிரி என் கைக்குள் வந்துகொண்டிருந்தது. அந்தக் கோலத்துக்குள் அருள்ராஜ் மாமா எங்கே உட்காருவார் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஆனால் மஹி, ஆறு செத்துக்கொண்டிருப்பதும் நிஜம். என் எண்கள் பொய் இல்லை. நான் இங்கிருந்து வந்துவிட்டால், 'பார், எல்லாம் வெறும் வேஷம்' என்று ஜெயவேல் அண்ணன் சொல்லமாட்டாரா? எனக்குப் போக இடம் எது என்று தெரியவில்லை.

சக்ரா


ஆரணி
19 அக்டோபர்

அக்கா,

நாளை தீபாவளி. இதை அந்தக் குடும்பத்தின் உறவினர் மூலமாகவே அனுப்புகிறேன், அதனால் இதை நீ மட்டும் படிப்பாய்.

முதலில் கோபம். என் படம், என் சாண், என் கல். நீ என்னிடம் இன்னும் விவரமாக எழுது என்று கேட்டபோது நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? ஃப்ளோரன்ஸிடம் போய் படம் வரைந்தது நான்தான் என்று சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, உன்னுடையதை நீதான் சொல்லவேண்டும். அவள் கதவைச் சாத்திவிட்டாள். மறுநாள் வகுப்பில் என் பக்கத்து இடத்தில் பையை மட்டும் வைத்தாள், அவள் பின்வரிசைக்குப் போய்விட்டாள். பையை ஏன் வைத்தாள் என்று நாள் முழுவதும் யோசித்தேன். வேறு யாரும் உட்காராமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்து, டாக்டர். அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்ததே, நீ சென்னையில் இருந்தாய், நான் கூட இருந்தேன். டாக்டர் கேட்டார் அக்கா. ஒரு தாளில் வயிற்றைப் படம் வரைந்து அரை மணி நேரம் விளக்கினார். அம்மா, "வேணாம்னு சொன்னா இன்னா ஆவும்?" என்று கேட்டாள். அதற்கும் பதில் சொன்னார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து வாங்கினார். கேட்காமல் கத்தி எடுக்கிறவரை டாக்டர் என்று யாரும் சொல்வதில்லை.

பட்டு பற்றி. புழு சாகிறது என்று அம்மா இதுவரை பட்டுக் கட்டியதில்லை. ஆனால் சூசைமேரி அத்தையிடம் நெய்யாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் பருத்திப் புடவையில் போய் முன்வரிசையில் உட்காருவாள். யாராவது ஏன் என்று கேட்டால் சொல்லுவாள். போன வருடம் அத்தையின் தங்கை அதைக் கேட்டுவிட்டுத் தானாகவே பட்டை விட்டுவிட்டாள். இருநூற்றுப் பதினான்கில் ஒரு விதிகூட இல்லாமல்.

இப்போது என் கேள்வி. நீ அழகாக எடுத்து எழுதிய அந்த நோட்டில், 'எனக்கு இது வேண்டாம்' என்று ஒருவர் எங்கே போய், யாரிடம் சொல்லலாம் என்று ஒரு விதி இருக்கிறதா? தேடிப் பார்த்துவிட்டு எழுது.

வார்டு சபை நவம்பர் ஒன்றாம் தேதி மாலை நான்கு மணி, நகராட்சி மண்டபத்தில். தெரு உன்னைத் திட்டும். உன் எண்களை நம்பாமல் இருப்பார்கள். கை தட்டமாட்டார்கள், அந்தக் கற்பனையை நான் விட்டுவிட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடு.

மஹிமா


போளூர்
29 அக்டோபர்

மஹி,

தேடிப் பார்த்தேன். இல்லை.

ஒரு முழு நாள், முதல் விதியில் இருந்து கடைசிவரை, விரல் வைத்துத் தேடினேன். நேற்று மாலை வட்டத்தில் எழுந்து அதையே கேட்டேன். நல்லது நடக்கும்போது வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள் என்றார் பரசுராமன் அண்ணன். நான் சொல்கிறேன் என்றேன். என் தண்ணீர் நோட்டைத் திருப்பிக் கேட்டேன். அது வட்டத்தின் சொத்து என்றார். அது என் கையெழுத்து, என் பாட்டில், என் இரண்டு வருடம் என்றேன். வெகு நாளுக்குப் பிறகு 'என்' என்று சொன்னேன், பல் கூசியது.

யாரும் என்னைத் தடுக்கவில்லை, அடிக்கவில்லை. எல்லோரும் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். இருபத்தொரு முதுகுகள். இன்று விடிந்ததும் அலமாரியில் இருந்து நோட்டை எடுத்துக்கொண்டு நடந்து வந்தேன். அவர் மட்டும் வாசல்வரை வந்து, "வெயில் ஆவறதுக்குள்ள போய் சேந்துடு" என்றார். அதுதான் என்னை அழவைத்தது.

போளூரில் என் கல்லூரித் தோழி வீட்டில் இருக்கிறேன். சனிக்கிழமை நேராக மண்டபத்துக்கு வருகிறேன், முதலில் வீட்டுக்கு வந்தால் வெளியே வரமாட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு.

சக்ரா


ஆரணி
3 நவம்பர்

அன்புள்ள அக்கா,

இன்று காலை வேலூர் பஸ்ஸில் ஏறும்போது, "சபையில யார் இன்னா பேசினாங்கன்னே என் காதுல விழல. நீ பாத்தத எழுதி அனுப்பு" என்றாய். எழுதுகிறேன்.

நூற்றுக்கும் மேல் வந்திருந்தார்கள். நீ பின்வாசலில் நின்றாய். பச்சை நோட்டை மார்போடு அணைத்திருந்தாய். அப்பா உன்னைப் பார்த்துவிட்டு எழுந்தார், பிறகு உட்கார்ந்து, தன் பக்கத்து நாற்காலியில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நீ அதைக் கவனிக்கவில்லை, நேராக முன்னால் போய்விட்டாய்.

நீ முதலில் எண்களைச் சொல்லவில்லை. "குழாயை அடைத்ததில் எனக்குப் பங்கு இருக்கிறது. என் தங்கைக்கு எதற்காகக் கேட்கிறேன் என்று தெரியாது. போலீஸிலும் எழுதிக் கொடுக்கப்போகிறேன்" என்றாய். மண்டபத்தில் எழுந்த சத்தம் உனக்குக் கேட்கவில்லை என்றால் நல்லதுதான். "இத பேச உட்டதே தப்பு, ஒக்கார சொல்லுங்க!" என்று நான்கைந்து பேர் கத்தினார்கள். கவுன்சிலர் வனிதா மேசையைத் தட்டினார். "திட்றவங்க அப்புறமா திட்டுங்க. அதுக்கும் டைம் தரேன். இப்ப அது பேசட்டும்" என்றார்.

அப்புறம் எண்கள். உன் குரல் நடுங்கியது, எண்கள் நடுங்கவில்லை. ஜெயவேல் அண்ணன் எழுந்தார். "நீ எழுதுனத நான் எப்படி நம்பறது? உங்க ஆளுங்க சிமெண்ட் பூசறவங்க."

"நம்பவேண்டாம். நீங்களே கூட வந்து தண்ணி எடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து எடுப்போம்."

"எங்க எடுக்கறது?"

"நீங்க சொல்ற இடத்துல."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "சரி, பாக்கலாம்" என்று உட்கார்ந்தார்.

சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை எல்லாப் பட்டறையையும் மூடவேண்டும் என்ற உன் தீர்மானத்துக்கு முப்பத்தொரு கைகள். எதிராக அறுபத்து நான்கு. நான் இரண்டு முறை எண்ணினேன். எனக்கு ஓட்டு இல்லை, ஆனாலும் கையை மடிக்குக் கீழே தூக்கி வைத்திருந்தேன். மழை நாளில் தொட்டிகளைத் திறக்கக்கூடாது, இரு தரப்பும் சேர்ந்து தண்ணீர் மாதிரி எடுத்து வேலூரில் சோதிக்கவேண்டும், முடிவை வைத்து ஜனவரியில் மறுபடி கூடவேண்டும் என்ற இன்னொரு தீர்மானம் நிறைவேறியது. அதனால்தான் இன்று நீயும் ஜெயவேல் அண்ணனும் ஒரே பஸ்ஸில், ஆளுக்கு மூன்று பாட்டிலோடு. அவர் உனக்கு ஜன்னல் ஓரம் விட்டுக்கொடுத்ததை நான் பார்த்தேன். உன் பாட்டில்களை அவர் நம்பாமல் தன் பக்கமாக வைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

எண்ணிக்கையைப் படித்தபோது உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்து போய்விடுவாய் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த முப்பத்தொரு பேரின் நடுவில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்து, தெருவிளக்கு பற்றியும் குப்பை வண்டி பற்றியும் மீதிக் கூட்டத்தைக் கேட்டாய். குப்பை வண்டிக்குக் கை தூக்கினாய்.

கூட்டம் கலைந்ததும் அருள்ராஜ் மாமா உன்னிடம் வந்தார். ஃப்ளோரன்ஸ் என் அருகே வந்து நின்றாள். என்னோடு பேசவில்லை, ஆனால் என் தோளில் அவள் தோள் பட்டது.

"ஆறு ஆறுன்றியே, ஒரு வார்த்த எங்கள கேட்டியா நீ?" என்றார் மாமா. "இருவத்தாறு நாளு. கால உட்டா சேறு மாதிரி. உனக்கு இன்னா தெரியும்?"

"தெரியாது மாமா."

"தெரியாதுன்னா கேக்கணும் இல்ல? வாய் இல்லியா?"

"கேட்டிருக்கணும்."

"நான் அந்த முப்பத்தோர் பேர்ல ஒருத்தன், தெரியுமா? மூடணும்னு கை தூக்கினேன். உன்மேல கோவம் வேற, நாத்தம் வேற."

நீ அப்போதுதான் அழுதாய். அவர் திட்டுவதை நிறுத்தவில்லை. குழிக்கு எப்படி மண் மாற்றவேண்டும், புதுப் பாவு ஓட்ட ஆள் வேண்டும், நீ வந்து நிற்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நீ ஒவ்வொன்றுக்கும் சரி என்றாய். குழியில் ஊறி நிற்கும் சாயத் தண்ணீரை இறைத்துக் கால்வாயில் விடவேண்டும் என்று அவர் சொன்னபோது மட்டும், "அதுக்கு ஒத்துக்கமாட்டேன் மாமா, அந்தத் தண்ணி கால்வாய்க்குப் போகக்கூடாது" என்றாய். அவர் குரலை உயர்த்தினார், நீயும் உயர்த்தினாய். வாட்ச்மேன் பெரியநாயகம் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, "ஜல்தி முடிங்க, பூட்டணும்" என்றார். நீங்கள் இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் சற்று நேரம் காத்திருந்தார், பிறகு சுவரோரம் போய், ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி மண்டபத்து விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்.